பனானாவா, பிளான்டைனா? நாகர்கோவில் பழக்கடை முன்னால் மானத்தோடு நிற்க எட்டு வழிகள்

வீட்டுக்கு வெளிநாட்டு விருந்தாளி வந்தால் விவேகானந்தர் பாறை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று கூட்டிக்கொண்டு போவதில் ஒரு சிக்கலும் கிடையாது. அங்கெல்லாம் ஆங்கிலத்தில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கல் திரும்பி வரும் வழியில் இருக்கிறது. வடசேரியிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பழக்கடை முன்னால் விருந்தாளி நின்றுவிடுவார். கயிற்றில் தொங்கும் குலைகளை அண்ணாந்து பார்ப்பார். மட்டி, செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், பேயன், ஏத்தன், ரோபஸ்டா. பிறகு உங்கள் பக்கம் திரும்பி, மிகுந்த பணிவோடு, “இதில் எது பனானா, எது பிளான்டைன்?” என்று கேட்பார்.

எம்.ஏ. படித்தவர்களும், ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்களும், வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர்களும் இந்த இடத்தில் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லித் தப்பித்திருக்கிறார்கள். ரெண்டும் ஒன்றென்றால் வெள்ளைக்காரன் எதற்கு ரெண்டு சொல் வைத்தான் என்று விருந்தாளி கேட்கமாட்டார். அவர் நாகரிகம் தெரிந்தவர். ஆனால் மனதுக்குள் குறித்துக்கொள்வார்.

அந்த அவமானத்திலிருந்து குமரி மாவட்டத்தைக் காப்பாற்றவே இந்தக் கையேடு. படிகளை வரிசையாகப் பின்பற்றவும். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் வரும் விளைவுகளுக்கு எழுதியவர் பொறுப்பல்ல.

தேவையான பொருட்கள்

பழக்கடை ஒன்று. பொறுமையுள்ள கடைக்காரர் ஒருவர். மட்டிப்பழம் ஒரு சீப்பு. ஏத்தன் குலை ஒன்று, பாதி காயாகவும் பாதி பழமாகவும். தேங்காயெண்ணெய், தேவையான அளவு. ஆங்கில அகராதி ஒன்று. பழைய ஆங்கிலம் படித்த தாத்தா ஒருவரும் ஆங்கிலவழிப் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கும் பேத்தி ஒருத்தியும் வீட்டில் இருந்தால் பரிசோதனை இன்னும் துல்லியமாக அமையும்.

படி 1: விதியை மனப்பாடம் செய்யுங்கள்

அகராதியைத் திறங்கள். பனானா என்பது இனிப்பானது, பழுத்ததும் உரித்து அப்படியே தின்பது. பிளான்டைன் என்பது பெரியது, தடித்த தோல் கொண்டது, மாவுச்சத்து மிகுந்தது, சமைத்துத் தின்பது. சுருக்கமாக, அடுப்பில் ஏறினால் பிளான்டைன், ஏறாவிட்டால் பனானா.

படித்து முடித்ததும் மனதில் ஒரு தெளிவு பிறக்கும். இவ்வளவு எளிய விஷயத்துக்கா இத்தனை காலம் தடுமாறினோம் என்று தோன்றும். அந்தத் தெளிவை நன்றாக அனுபவித்துக்கொள்ளுங்கள். அடுத்த படி வரைதான் அது தாங்கும்.

படி 2: விதியை ஏத்தனிடம் கொண்டு போங்கள்

மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரம் என்பதை இங்கே ஏத்தன் என்போம். ஏத்தங்காய், ஏத்தம்பழம், ஏத்தன்குலை. உலக அறிஞர்கள் எல்லோரும் ஒரே குரலில் பிளான்டைன் என்று ஒப்புக்கொண்ட ஜாதி இது. ஆகவே சோதனையை இங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

நாகர்கோவிலில் ஏதாவது ஒரு சிப்ஸ் கடை வாசலில் போய் நில்லுங்கள். பச்சை ஏத்தங்காயை நீளவாக்கில் கீறித் தொலியைக் கழற்றி மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். பெரிய சட்டியில் தேங்காயெண்ணெய் காய்ந்ததும் சீவுகிறவர் சீவுகட்டையைச் சட்டிக்கு நேர் மேலே பிடித்துக் காயைத் தேய்ப்பார். வில்லைகள் ஒவ்வொன்றாக நேரே எண்ணெயில் விழும். முக்கால் பதம் வெந்ததும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கிற எண்ணெயிலேயே தெளிப்பார். சட்டி சீறிக்கொண்டு மேலே எழும். பார்த்து நிற்கிற நமக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடும். அவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தவே மாட்டார். சீறல் அடங்கி, வில்லைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று சத்தம் கேட்கும்போது அரிகரண்டியால் வாரி எடுத்துவிடுவார். கண்ணைவிடக் காதுக்குத்தான் இங்கே வேலை.

அடுப்பில் ஏறியாயிற்று. ஆகவே பிளான்டைன். விதி வென்றது.

இப்போது அதே குலையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காய் அவியலுக்கும் எரிசேரிக்கும் போகும். பிளான்டைன். உரித்த தொலியையும் எறியமாட்டார்கள், பொடிப்பொடியாக அரிந்து பயறு சேர்த்துத் துவரன் வைப்பார்கள். அதுவும் பிளான்டைன்தான், குறைந்தபட்சம் அதன் சட்டை. நாலு நாள் கழித்து மேல் சீப்பு பழுத்துவிட்டது. காலையில் புட்டோடு ஒரு ஏத்தம்பழத்தை உரித்துப் பிசைந்து சாப்பிட்டீர்கள். அடுப்பில் ஏறவில்லை. ஆகவே பனானா! அதே சீப்பில் அடுத்த பழத்தை அம்மா இட்லிக் குட்டுவத்தில் வைத்து அவித்துவிட்டாள். திரும்பவும் பிளான்டைன். சாயங்காலம் மாவில் முக்கிப் பழம்பொரி போட்டார்கள். பிளான்டைன். மாவு கரைக்கும் நேரத்தில் சின்னவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பனானா. மிச்சம் இருந்தது தொலி கறுத்துக் கனிந்துவிட்டது. வெல்லம் சேர்த்து வரட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிரதமன் வைத்தாயிற்று. பிளான்டைன்.

ஒரே தாய் ஈன்ற ஒரே குலை வாரத்தில் நாலு தடவை ஜாதி மாறிவிட்டது. விதியில் தவறில்லை. குலைக்கு ஆங்கிலம் தெரியவில்லை.

படி 3: தாத்தாவையும் பேத்தியையும் எதிரெதிரே உட்கார வையுங்கள்

நடுவில் ஒரு ரசகதலிப் பழத்தை வையுங்கள். இது என்ன என்று கேளுங்கள். தாத்தா “பிளான்டைன்” என்பார். பேத்தி “பனானா” என்பாள். “பி ஃபார் பனானா, தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்று உபரியாகவும் சொல்வாள்.

அவசரப்பட்டுப் பேத்தி பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடும், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. இங்கே ஆங்கிலம் வந்த வழி பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடத்து வழி. 1806-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பின்னால் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் காலூன்றினார். அவர்கள் காலத்து இந்திய ஆங்கிலத்தில் வாழை என்றால் பிளான்டைன், அவ்வளவுதான். பழமும் பிளான்டைன், காயும் பிளான்டைன், சாப்பிட்டு எறிந்த இலையும் பிளான்டைன். யூலும் பர்னலும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்திருக்கிறது. இந்தியாவில் இருக்கும் ஆங்கிலேயர் எல்லோரும் பிளான்டைன் என்றே சொல்கிறார்கள், புத்தகங்கள் இரண்டையும் பிரிக்கின்றன, கோடு எங்கே விழுகிறது என்பதுதான் விளங்கவில்லை என்கிற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வழக்கை ஆறப்போட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் விடுவதில் அனுபவம் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் வாழைக்கு நேராகப் பிளான்டைன் என்றுதான் போட்டிருக்கிறது. தாத்தா பக்கம் சாட்சி பலமாக இருக்கிறது.

பேத்தியின் பக்கம் பாடப்புத்தகம் இருக்கிறது. அதில் மஞ்சளாக, வளைவாக, ஒரு புள்ளி கரும்புள்ளி இல்லாமல் ஒரு படம் போட்டிருக்கும். அது கேவண்டிஷ் ஜாதி. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ் வீட்டுக் கண்ணாடித் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் 1830களில் வளர்த்தெடுத்ததால் பிரபுவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. உலகச் சந்தையில் பனானா என்று ஏற்றுமதியாவது பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். நம் கடையில் தொங்கும் ரோபஸ்டாவும் அதே வம்சம். செந்துளுவனைப் பார்த்து வளர்ந்த நாகர்கோவில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பனானாவுக்கு மஞ்சள் கிரேயான் எடுக்க வேண்டியிருக்கிறது. சிவப்பு எடுத்தால் டீச்சர் தப்புப் போடுவார்.

இருவரையும் சமாதானப்படுத்தும் வழி: சொல் பிறந்த கதையைச் சொல்லுங்கள். பனானா, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துக்கீசியர் பொறுக்கிய சொல். பிளான்டைன், ஸ்பானியர் வாய்வழி வந்த சொல். இரண்டும் இங்கிலாந்தில் பிறந்தவை அல்ல. வாழையே இங்கிலாந்து மண்ணுக்குச் சொந்தமில்லை. கதை முடிவதற்குள் ரசகதலியைப் பேத்தி தின்றிருப்பாள். வழக்கு தள்ளுபடி.

படி 4: விஞ்ஞானிகளிடம் போங்கள்

உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ் 1736-ல் ஹாலந்தில் ஒரு செல்வந்தரின் தோட்டத்தில் வாழையைப் பூக்க வைத்து, அந்த ஆனந்தத்தில் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். நம் ஊரில் புறவாசல் சாய்க்கடைப் பக்கம் தானாகப் பூக்கிற வாழைக்கு இத்தனை மரியாதை கிடைத்திருக்கிறது. பிறகு இரண்டு பெயர் வைத்தார். 1753-ல் ‘மூசா பாரடிசியாக்கா’, அதாவது சொர்க்கத்து வாழை. 1759-ல் ‘மூசா சேப்பியன்டம்’, அதாவது ஞானியர் வாழை. முன்னது சமைப்பதற்கு, பின்னது பழமாகத் தின்பதற்கு என்று உலகம் எடுத்துக்கொண்டது. பார்க்கப்போனால் சொர்க்கத்தில் அடுப்பு எரிகிறது, ஞானிகளுக்குத்தான் அடுப்பு இல்லை.

இருநூறு வருஷம் இப்படி ஓடியது. 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் வந்து, இந்த இரண்டும் தனித்தனி இனமே அல்ல, விதையுள்ள இரண்டு காட்டு வாழைகளின் வாரிசுகளே நாம் தின்னும் வாழைகள் என்று காட்டினார்கள். ஒரு காட்டு வாழைக்கு ‘ஏ’, மற்றதற்கு ‘பி’. எந்த ஜாதியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று எழுதிவிட்டால் குழப்பம் தீர்ந்தது என்றார்கள்.

தீர்ந்ததா என்று நம் கடையிலேயே பார்த்துவிடலாம். மட்டி ஏஏ. செந்துளுவன் ஏஏஏ. ரோபஸ்டாவும் ஏஏஏ. ஏத்தன் ஏஏபி. நல்லது, ஏஏபி என்றால் பிளான்டைன் என்று எழுதிக்கொள்கிறீர்கள். எழுதிய மை காய்வதற்குள் அடுத்த குலையைக் காட்டுவார்கள். ரசகதலியும் ஏஏபி. பாளையங்கோட்டானும் ஏஏபி. இவற்றை வேகவைத்துத் தின்கிறவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். சரி, ஏஏஏ என்றால் உரித்துத் தின்பது என்றாவது நிச்சயப்படுத்தலாமா? உகாண்டாவில் மட்டோக்கே என்று ஒரு வாழை. அதுவும் ஏஏஏ. அங்கே அதுதான் சோறு. காயாகவே உரித்து, வாழையிலையில் பொதிந்து, அவித்து, மசித்துச் சாப்பிடுகிறார்கள். விஞ்ஞானிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்த வழியே திரும்புங்கள். வரும் வழியில் திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே போய் ‘பூவன்’ என்று வாயைத் திறக்கும் முன் அடுத்த படியைப் படித்துவிடவும்.

படி 5: ஆங்கிலேயனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்

ஆங்கிலத்துக்குத்தான் வாழையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று இந்நேரம் உங்களுக்கு ஒரு தைரியம் வந்திருக்கும். அந்தத் தைரியத்தோடு திருச்சி கடையில் பூவன் கேளுங்கள். நாம் பாளையங்கோட்டான் என்கிற பழத்தைக் கொடுப்பார்கள். களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டி மலையாளத்துக்குள் போய்ப் பூவன் கேளுங்கள். பல ஊர்களில் நம் ரசகதலியைக் கொடுப்பார்கள். ஞாலிப்பூவன் என்று கேட்டால் சென்னைக்காரர் ஏலக்கி என்கிற பழம் வரும். இந்த மூன்றில் ஒன்றுக்கொன்று பெயரைத் தவிர வேறு உறவு அதிகமில்லை. பாளையங்கோட்டான் என்ற பெயரோடு பாளையங்கோட்டையில் போய் நின்றாலும் உங்கள் ஊர்ப் பழம் கிடைக்கும் என்று உறுதியில்லை.

காபிக்கடைக்குப் போய் ரோபஸ்டா இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பழத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

இரண்டு பெயர் வைத்துத் திணறுகிறவனும், நூறு பெயர் வைத்துத் திணறுகிறவனும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அது கடைசிப் படியில் வருகிறது.

படி 6: சிப்ஸ் பார்சல் அனுப்பும்போது

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குச் சிப்ஸ் அனுப்புகிறீர்கள். பொட்டலத்தின் மேல் என்ன எழுதுவது?

‘பனானா சிப்ஸ்’ என்று எழுதினால், அங்குள்ளவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வரும் இனிப்புச் சிப்ஸை மனதில் வைத்துக்கொண்டு ஒரு கை அள்ளுவார்கள். உப்பும் தேங்காயெண்ணெயும் நாக்கில் பட்டதும் முகம் போகும் போக்கை மகன் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டுவான். ‘பிளான்டைன் சிப்ஸ்’ என்று எழுதினால் சரியான பொருள்தான், ஆனால் ஊரில் யாருக்கும் அது நாகர்கோவில் சிப்ஸ் என்று தெரியாது. மகன் லண்டனில் இருந்தாலோ, சிப்ஸ் என்ற சொல்லே அங்கே வறுத்த உருளைக்கிழங்கு விரலைக் குறிக்கும். நம்முடையதற்கு ‘கிரிஸ்ப்ஸ்’ என்று பெயர். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் இலையின் ஓரத்தில் வைக்கிற உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் என்று விளக்கப் புறப்பட்டால் பார்சல் கட்டணத்தைவிடப் பேச்சு நீண்டுவிடும்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தானே அரசாங்கங்கள் இருக்கின்றன என்று நம்பி, உலகச் சுங்க இலாகாக்கள் எல்லாம் பயன்படுத்தும் சரக்குப் பட்டியலைப் புரட்டுங்கள். 0803 என்ற எண்ணுக்கு நேரே இருப்பதைத் தமிழில் சொன்னால் ‘பனானாக்கள், பிளான்டைன்கள் உட்பட’ என்று வரும். கீழே இரண்டு உட்பிரிவு. ஒன்று பிளான்டைன். இன்னொன்று ‘மற்றவை’. பனானாவுக்கு அங்கே சொந்தப் பெயர்கூட இல்லை, தன் வீட்டிலேயே ‘மற்றவை’ ஆகிவிட்டது. இத்தனை நாடுகள் கூடி, இத்தனை அதிகாரிகள் உட்கார்ந்து கண்டுபிடித்த தீர்வு, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற நம் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரின் தீர்விலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

படி 7: ஆங்கிலேயன் வீட்டுத் தோட்டத்தில் எச்சரிக்கை

இங்கிலாந்துக்குப் போய் ஒருவர் “என் தோட்டம் முழுக்க பிளான்டைன்” என்று வருத்தப்பட்டால், குலைக்கு என்ன விலை என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே பிளான்டைன் என்று ஒரு களையும் உண்டு. நடைபாதையில் தரையோடு படிந்து முளைக்கும். லத்தீனில் உள்ளங்காலுக்கு உள்ள சொல்லிலிருந்து அதற்குப் பெயர். வாழைக்கும் அதற்கும் ஏழேழு தலைமுறைக்கும் உறவில்லை. ஆனால் நம் மருந்துக்கடையில் விற்கும் இசப்கோல் அந்தக் களையின் குடும்பம். இங்கேயோ ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் ஒரு பாளையங்கோட்டான் பழத்தை உரித்துக்கொள்கிறார்கள். பெயரில் மட்டும் ஒற்றுமை கொண்ட இந்த இரண்டு குடும்பங்களும் மறுநாள் காலையில் ஒரே காரியத்தைத்தான் சாதித்துக் கொடுக்கின்றன.

படி 8: கடைக்காரரிடம் கேளுங்கள்

இதைத்தான் முதல் படியாக வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்திருந்தால் மற்ற ஏழு படிகளை யார் படிப்பார்கள்?

அகராதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

“அண்ணாச்சி, பழம் வேணும்.”

கவனியுங்கள், வாழைப்பழம் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் வெறும் ‘பழம்’ என்றால் வாழைப்பழம்தான். ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும்தான் தனிப் பெயர் சொல்ல வேண்டும்.

கடைக்காரர் என்ன ஜாதி வேண்டும் என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி இப்படி வரும்:

“எதுக்காக்கும்?”

“சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பழம்பொரி போடதுக்கு.”

“இண்ணைக்குப் போடணும்னா இந்தச் சீப்பு. நாளைக்குன்னா அந்தா தொங்குது பாருங்க, அது.”

இரண்டும் ஏத்தன்தான். ஒன்றில் பச்சை இன்னும் ஓரத்தில் நிற்கிறது, இன்னொன்றில் தொலியில் கரும்புள்ளி விழத் தொடங்கிவிட்டது. அவர் பிரித்தது ஜாதியை அல்ல, கிழமையை. தமிழும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. காய் என்றும் பழம் என்றும் ஒரே மரத்தின் குலையை நாள் பார்த்துப் பிரித்துவிட்டு, ‘எதுக்கு’ என்பதைச் சமைக்கிறவர் பொறுப்பில் விட்டுவிட்டது. ஆங்கிலம் காய்க்கும் முன்பே மரத்தை இரண்டாக வகுக்கப் பார்க்கிறது. அந்த மரம் எந்த வீட்டுப் புறவாசலில் நிற்கிறது, அந்த வீட்டுக்கு யார் விருந்து வருகிறார்கள் என்பது அகராதிக்குத் தெரிய வழியில்லை. குழப்பத்துக்கு மூலம் அதுதான்.

‘எதுக்காக்கும்’ என்ற கேள்விக்குக் குமரி மாவட்டத்தில் செல்லுபடியாகும் பதில்களைக் கீழே தருகிறோம். வெட்டி எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளவும்.

சிப்ஸுக்கு, எரிசேரிக்கு: ஏத்தங்காய், விளைந்தது, பழுக்காதது. ஓணத்துக்கு முந்தின வாரம் போகாதீர்கள். குலையெல்லாம் மலையாளத்துக்கு லாரி ஏறிக்கொண்டிருக்கும், விலையும் கூடவே ஏறியிருக்கும்.

கைக்குழந்தைக்கு: பச்சை ஏத்தங்காயைச் சீவி, வெயிலில் உலர்த்தி, பொடித்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள். முதல்முதலாகப் பழம் கொடுப்பதென்றால் மட்டி.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்கு: பாளையங்கோட்டான். காரணம் ஏழாம் படியில் சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் வைக்க: செந்துளுவன். விலை தெரிந்தவர்களுக்கு உங்கள் மரியாதையும் தெரியும்.

பாயசத்துக்கு: மட்டி. வேறு பதில் கிடையாது. இந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மட்டி, விரல் அளவில் ஒல்லியாக, நுனி மூக்குப் போல நீண்டு இருக்கும். சீப்பில் பழங்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்காது, காற்று அடித்துக் கலைத்த மாதிரி ஆளுக்கு ஒரு திசையில் திரும்பி நிற்கும். செம்மட்டி, தேன்மட்டி என்று அதற்குள்ளேயே பிரிவு உண்டு. 2023-ல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்யாணப் பந்தியில் சாம்பாரும் புளிசேரியும் முடிந்து இலையில் பாயசம் விழுந்ததும், பப்படத்தை அதன் மேல் நொறுக்கி, மட்டியை உரித்துப் போட்டு, மூன்றும் ஒன்றாகும்வரை விரலால் பிசைந்து, இலையின் கீழ் விளிம்பைத் தாண்டி ஓடுவதற்குள் வாரிச் சாப்பிட வேண்டும். கரண்டி கேட்கிறவர்களை அடுத்த பந்திக்கு அழைக்கமாட்டார்கள்.

அந்த இலை பனானா இலையா, பிளான்டைன் இலையா என்று விருந்தாளி அப்போது கேட்டால், நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரி செய்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தேர்வு

கையேட்டை முழுமையாகக் கற்றுக்கொண்டீர்களா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். விடைகள் உடனுக்குடன் தரப்பட்டுள்ளன. காப்பியடிக்க அனுமதி உண்டு.

கேள்வி 1: வாழைக்கூம்பு, வாழைத்தண்டு, வாழைநார். இவை பனானாவா, பிளான்டைனா?
விடை: முதல் இரண்டும் துவரன். மூன்றாவது தோவாளையில் மாலை.

கேள்வி 2: மேல் சீப்பு பழுத்து, கீழ்ச் சீப்பு பச்சையாக உள்ள ஏத்தன் குலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?
விடை: சுங்க இலாகா எண் 0803. சந்தேகம் இருந்தால் ‘மற்றவை’.

கேள்வி 3: தாத்தா சொன்னது சரியா, பேத்தி சொன்னது சரியா?
விடை: பழம் யார் வாங்கி வந்ததோ அவர் சொன்னது.

கேள்வி 4: விருந்தாளி ஒரு மட்டிப்பழத்தைக் கையில் எடுத்து, “இது பனானாவா, பிளான்டைனா?” என்று கேட்கிறார். என்ன செய்வீர்கள்?
விடை: பேசாமல் உரித்துக் கொடுங்கள். வாய் நிறையப் பழம் இருக்கும்போது யாரும் இலக்கணம் கேட்பதில்லை. மட்டி சிறிய பழம் என்பதால் இரண்டாவது பழத்தையும் தயாராக உரித்து வைத்துக்கொள்ளவும்.